டிரைவருக்கு எடுத்து வைத்த உருண்டை

1

என் கடையின் முப்பதாவது வருஷ விழா வீடியோவை நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஜனங்கள் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். என் தங்கச்சி மகன் அதை ஊர் குரூப் ஒன்று விடாமல் போட்டுவிட்டான். சந்தன மாலை போட்டுக்கொண்டு, கறுப்புக் கோட்டில், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறானே, அந்த ஏழுமலைதான் இதை எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நான் படித்தது அஞ்சாவது. கச்சிராயபாளையம் ரோட்டில் எங்கள் ஊர். கள்ளக்குறிச்சியில் வாடகை ஜீப் ஓட்டினேன். இன்றைக்கு ஜெர்மனியில், கொலோன் நகரத்தில், எனக்கு இரண்டு ஓட்டல் இருக்கிறது. ஏழு வருஷம் தட்டு கழுவினேன். கையில் தோல் உரிந்து மோதிரம் போட முடியாமல் கிடந்தவன், இந்த ஊர் மேயர் வந்து கை குலுக்குகிற அளவுக்கு வந்தேன். படித்தவர்கள் பலர் என்னிடம் வேலை பார்த்திருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆனால் மேடையில் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். திருத்துவதால் இனி யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் ஒருத்தரும் மிச்சம் இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

2

விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் வெர்னரைக் கூப்பிடப் போனேன். மேடையில் முதல் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, என்னைப் பற்றி நாலு வார்த்தை தமிழிலேயே பேசச் சொல்ல வேண்டும், அதை ஊரில் எல்லாரும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவரே அவர்தான். ஆராய்ச்சிக்காரர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நம் கல்வராயன் மலைக்கு வந்து இரண்டு வருஷம் இருந்து, மலை ஜனங்களோடு பழகி, புத்தகம் எழுதினார். மலையில் அவர் பெயர் வரதன். வெர்னர் என்று சொல்ல அவர்களுக்கு வரவில்லை, வரதன் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு வருஷமும் அவருக்கு ஜீப் ஓட்டினது நான்.

வீடு பூட்டியிருந்தது. அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். ஒரு வருஷமாக எனக்குத் தெரியாது. நாற்பது வருஷ நட்பு என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான்.

இல்லத்தில் பெயாட்டா என்று ஒரு போலந்து நாட்டுப் பெண் அவரைக் கவனித்துக்கொள்கிறாள். என்னைப் போலவே ஒடித்து ஒடித்து ஜெர்மன் பேசுகிறவள், அதனால் எனக்கு நன்றாகப் புரிந்தது. நினைவு தப்பிவிட்டது, சொந்த பாஷையே பாதிக்குமேல் போய்விட்டது, சாப்பாட்டுத் தட்டை வைத்தால் மட்டும் ஏதோ ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார், எங்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை என்றாள். சரியாகச் சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறதாம். குழாய் வழியாகக் கொடுக்கலாமே என்றேன். நினைவு நன்றாக இருந்தபோதே அது வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார், ஆகையால் வாயால் சாப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று கையை விரித்தாள்.

இரண்டாவது மாடி. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கீழே கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறடி ஆள் நாற்காலியில் ஒரு சட்டை மாதிரி கிடந்தார். சூப் வந்தது. கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு சுத்தமான நம் பக்கத்துத் தமிழில் கேட்டார்:

“வெளிய யாராச்சும் இருக்காங்களா?”

பெயாட்டா என்னைப் பார்த்தாள். இதுதான் அந்தச் சத்தம்.

யாரும் இல்லை, நான் ஏழுமலை வந்திருக்கிறேன் என்றேன். என் முகத்தை வெகுநேரம் பார்த்து, “வா, ஆண்டி” என்றார். கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

நான் பெயாட்டாவிடம், கவலைப்படாதே, நான் யார் தெரியுமா, முப்பது வருஷமாக இந்த ஊருக்கே சோறு போடுகிறவன், இவரை நான் சாப்பிட வைக்கிறேன் என்றேன். அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

3

ஆண்டி யார் என்று சொல்லவேண்டும்.

வெள்ளிமலைக்கு ஜீப்பில் ஏறி, அங்கிருந்து மண் பாதையில் முக்கால் மணி நேரம் போனால் ஆண்டி வீடு. அவர் மனைவி பொன்னம்மா. அப்போது இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. லட்சுமணன் என்று ஒரு குழந்தை. வெர்னருடைய ஆராய்ச்சியே சாப்பாடுதான். யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள், யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் கையால் யார் தண்ணீர் வாங்குகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். இதற்கா ஒரு கவர்மென்ட்டு இவ்வளவு தூரம் அனுப்பி வைக்கிறது என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

மத்தியானம் பொன்னம்மா களி கிண்டும். பிடி நொய் போட்டு வேகவைத்து, கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டிக் கிண்டி, ஈரத் தட்டில் உருட்டி வைக்கும். மொச்சைக் குழம்பு, கீரைக் கடைசல். வெர்னர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பல்லில் படாமல் முழுங்கக் கற்றுக்கொண்டார். சாப்பிடுகிறதுக்கு முன்னால் பொன்னம்மா வாசல் பக்கம் பார்த்துக் கேட்கும், வெளிய யாராச்சும் இருக்காங்களா என்று. இருந்தது நான் ஒருத்தன்தான். வேலிக் கதவான மூங்கில் படலுக்கு வெளியே, ஜீப்பில்.

“டிரைவரே, வாங்க, களி ஆறுது.”

மூன்று தடவை கூப்பிடும். மூன்று தடவையும் நான் ஒரே பதில்தான் சொல்வேன். “எனக்கு வயித்துல சரியில்லம்மா, நீங்க சாப்புடுங்க.”

இரண்டு வருஷம் என் வயிறு சரியில்லாமலே இருந்தது. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் வாங்கிவந்த எலுமிச்சம்பழச் சோற்றை அடுக்கு கேரியரில் இருந்து சாப்பிடுவேன். அவர்கள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். தாளித்த வாசனை எங்கே போகும்?

எங்களுக்கு இரண்டு காணி மானாவாரி நிலம். அதை வைத்துக்கொண்டு நாங்கள் உசத்தி. எங்கள் அப்பா மலை ஜனங்கள் கையால் தேன் வாங்குவார், கடுக்காய் வாங்குவார், ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கமாட்டார். நானும் அப்படித்தான். யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்தே வந்துவிட்டது.

ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது வெர்னர் நேராகவே கேட்டார், ஏன் சாப்பிடமாட்டேன் என்கிறாய் என்று. அவரிடம் வயிற்றுக் கதை எடுபடாது. நான் சொன்னேன், “சார், நீங்க வெளிநாட்டுக்காரரு. உங்க மேல ஒண்ணும் ஒட்டாது. நான் ஊருக்குள்ள போவணும்.”

எதைச் சொன்னாலும் எழுதுகிறவர், அன்றைக்கு நோட்டை எடுக்கவில்லை.

அவர் உயிரைக் காப்பாற்றினவனும் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். மலைக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவரைக் கொட்டுகிற மழையில், வைப்பர் வேலை செய்யாத ஜீப்பில், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கினேன். அன்றைக்கு அந்த ரோட்டில் வேறு எவனும் வண்டி எடுத்திருக்கமாட்டான். அந்த நன்றிக்குத்தான் என்னை இங்கே கூட்டிவந்தார். விமானம் இறங்கின அன்றே அவர் வீட்டு மேஜையில் சாப்பிட்டேன். அவர் மனைவி என்னவோ கறி வைத்தார். என்ன கறி என்றுகூடக் கேட்கவில்லை. அங்கே எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

4

முதியோர் இல்லத்துக்கு வெளிச் சாப்பாடு கொண்டுபோவது நம் ஊரில் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது மாதிரி இல்லை. முதலில் ஒரு பாரம் நிரப்ப வேண்டும். நோயாளிக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று அதில் ஒரு கேள்வி. கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர், மற்றவர் என்று கட்டங்கள். மற்றவர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெர்னருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி போய்விட்டார். கோர்ட்டில் அவருக்குப் பொறுப்பாளராக ஒரு வக்கீல் அம்மாவைப் போட்டிருந்தார்கள். இந்தப் பாஷையிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. நான் பாஷை கற்றது ஓட்டல் அடுக்களையில், அங்கே எல்லாருக்கும் எல்லாரும் நீதான். நாற்பது வருஷம் ஆகியும் அவசரத்தில் எனக்கு நீங்கள் வராது. போனில் அந்த அம்மாவை, நீ எப்போ கையெழுத்துப் போடுவ என்று கேட்டுவிட்டேன். எழுத்தில் விண்ணப்பியுங்கள் என்று பட்டென்று போனை வைத்துவிட்டார். எழுத்தில் எழுத என் மகன் கார்த்திக்குக் காத்திருந்தேன், அவனுக்கு அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது.

அதற்கப்புறம், முழுங்க முடிகிறதா என்று பரிசோதிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். களி என்றால் என்ன என்றாள். அரை மணி நேரம் விளக்கினேன். மெல்லக்கூடாது, அப்படியே முழுங்கவேண்டும் என்று பெருமையாகச் சொன்னேன். மெல்லக்கூடாது என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. மூச்சுக் குழாயில் அடைத்துக்கொள்ளும், கூடாது என்று எழுதிவிட்டாள். மறுபடி விண்ணப்பம். ஒரு உருண்டையை மாதிரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்பூனால் குத்தினாள், சாய்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவு, ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். நாலு வாரம் போய்விட்டது.

நாலு வாரமும் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் அதே கேள்வி. யாரும் இல்லை என்பேன். ஜன்னலைப் பார்ப்பார். தள்ளிவிடுவார். சில நாள் பெயாட்டா அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு ஸ்பூன் தயிர் ஊட்டிவிடுவாள், அவ்வளவுதான் உள்ளே போகும். சட்டை பெரிதாகிக்கொண்டே போயிற்று.

5

இதற்கு நடுவில் விழா வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். முதல் நாற்காலி காலி. என் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு போட்டோ மாட்டியிருக்கும், அதைப் பெரிதாக்கி மேடைக்குப் பின்னால் வைத்திருந்தோம். ஆண்டி, பொன்னம்மா, குழந்தை, வெர்னர், நாலு பேரும் களித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற படம். முப்பது வருஷமாக வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள், இதில் நீ எங்கே என்று. படம் எடுத்ததே நான்தானே என்பேன். அது உண்மை. ஜீப்பிலிருந்து இறங்கி, படலுக்கு வெளியே நின்று எடுத்தேன். உள்ளே வந்து எடு என்றார் வெர்னர், வெளிச்சம் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்றேன்.

மைக்கைக் கையில் கொடுத்ததும் அந்தப் படத்தைக் காட்டி நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். “இந்த வூட்டுல ரெண்டு வருஷம், நானும் வெர்னரும் ஒரே சட்டியில களி சாப்புட்டோம். நட்புன்னா அதான்.” கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கினதைக்கூட வீடியோவில் பார்க்கலாம். பொய் சொல்லும்போதும் கண்ணீர் நிஜமாகத்தான் வருகிறது.

மறுநாள் மிச்சம் இருந்த பலகாரத்தை எடுத்துப் போகக் கார்த்தியை வரச்சொன்னேன். கார் வாசலில் நின்றது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ள வாடா, இட்லி ஊத்தறேன், உக்காந்து சாப்பிட்டுப் போ என்றேன். கண்ணாடியை இறக்கி, “இல்லப்பா, பசிக்கல” என்றான். பக்கத்து சீட்டில் அவன் வாங்கிவந்த ரொட்டி பாதி கடித்தபடி இருந்தது. டப்பாவைக் கொடுத்து அனுப்பினேன்.

6

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் வெர்னர் சாப்பிடுவார் என்பதைப் பொன்னம்மாவிடம்தான் கேட்கவேண்டும் என்று தோன்றிற்று. தங்கச்சி மகன் அலைந்து லட்சுமணன் போன் நம்பரைப் பிடித்துக் கொடுத்தான். அன்றைக்குக் கைக்குழந்தை, இன்றைக்கு அவருக்கே கல்யாண வயசில் பிள்ளைகள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

ஜீப் ஓட்டின ஏழுமலை பேசறேன் என்றேன்.

“யாரு, வயித்துவலி டிரைவருங்களா?” என்றார். “தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க வூட்டுல உங்களுக்கு அதான் பேரு.”

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். போய் ஆறு வருஷம் ஆகிறது என்றார். ஆண்டி அதற்கும் முன்னாலேயே. நான் விஷயத்தைச் சொன்னேன். வரதன் சாப்பிடாமல் கிடக்கிறார், தட்டைப் பார்த்தால் உங்கள் அம்மா கேட்கிற கேள்வியைக் கேட்கிறார், அதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்றேன்.

“அதுக்குப் பதிலு கெடையாதுங்க. வெளிய இருக்கறவரு வந்து உக்காரணும். படலாண்ட எத்தினி பேரு வந்துக்கிறாங்களோ அத்தினி உருண்டை. மலையில எல்லா வூட்டுலயும் இல்ல, எங்க ஆயா வூட்டு வழியில வந்தது. எல்லாரும் சாப்புடலாம். ஆனா ஒருத்தரு உருண்டை அப்பிடியே கெடக்குதுன்னா, கிண்டுனவங்க மட்டும் வாய்ல வெக்க மாட்டாங்க.”

எனக்கு உடனே புரியவில்லை. படலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் தேக்கு இலையில் தினமும் ஒரு உருண்டை இருக்கும். நாய்க்கு வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

“அப்ப உங்க அம்மா?” என்றேன்.

“இன்னா பண்ணுவாங்க? நீச்சத்தண்ணியக் குடிச்சிக்கினு காட்டுக்குப் போய்டுவாங்க. உங்க உருண்டை சாயங்காலம் மாட்டுக்குப் போவும். எங்கப்பா சொல்லி சொல்லிச் சிரிப்பாரு.”

“எத்தினி நாளு அப்பிடி?”

“நீங்க வந்த நாளெல்லாந்தான்.”

வெர்னருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலா, அவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார், அம்மா சாப்பிடாத நாளில் தானும் பாதியில் எழுந்துவிடுவார், அதற்கு அம்மா அவரைத் திட்டும் என்றார்.

“என்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?”

“சொன்னா நீங்க பயந்துக்கினு சாப்புடுவீங்க. பயந்து சாப்புட்டா அது சேத்தி இல்லன்னு அம்மா சொல்லும்.” பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. “வண்டி எடுக்கறான், வெச்சிடறேங்க. நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க. இப்ப வயிறு பரவால்லீங்களா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். பரவாயில்லை என்று சொன்னேன்.

வெர்னருடைய புத்தகம் என் வீட்டு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, நன்றி என்று. அதை மட்டும் வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவேன். ஆராய்ச்சிக்காரர்கள் எழுதுகிற ஜெர்மன் எனக்குப் படிக்க வராது. உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று கார்த்தியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, இதெல்லாம் சாப்பாட்டு லிஸ்ட் அப்பா, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வைத்துவிட்டான். நானும் மறுபடி கேட்கவில்லை.

7

வெர்னர் போய்விட்டார். நான் களி எடுத்துப்போன நாளிலிருந்து பதினோராவது நாள். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரைக்கும் நீங்கள் ஆசையோடு படிக்கவேண்டாம். அடக்கத்துக்குப் போனேன், காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். வீடியோவை அழித்துவிடு என்று தங்கச்சி மகனிடம் சொன்னேன். அது எல்லார் போனுக்கும் போய்விட்டது மாமா, இனி அழித்து என்ன ஆகப்போகிறது என்றான். சரிதான்.

களி எடுத்துப்போன அந்த ஒரு நாளைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

விடிகாலையிலேயே எழுந்து, இலங்கைக்காரர் கடையில் வாங்கின கேழ்வரகு மாவைச் சலித்தேன். அவர்கள் அதைக் குரக்கன் என்கிறார்கள். என் இரண்டு கடையிலும் முப்பது வருஷமாகக் களி கிடையாது, வெள்ளைக்காரர்களுக்கு வேண்டிய குழம்புதான். துடுப்பும் இல்லை, பெரிய மரக்கரண்டியால் கிண்டினேன். இரண்டு கட்டி விழுந்தது, கொட்டிவிட்டு மறுபடி கிண்டினேன். கீரை கடைந்தேன். அவருக்கு நெல்லிக்காய் அளவில் ஆறு, எனக்கு ஒரு முழு உருண்டை.

தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. பெயாட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையால் தொட்டுப் பார்த்து, விரலை மோந்தார். பிறகு கேட்டார், வெளிய யாராச்சும் இருக்காங்களா?

இந்தத் தடவை யாரும் இல்லை என்று நான் சொல்லவில்லை. “டிரைவரு இருந்தாரு. வந்துட்டாரு. நான்தான் அது, ஏழுமலை. இதோ, என் உருண்டை” என்றேன். எடுத்து, கீரையில் தோய்த்து, அவர் கண் முன்னாலேயே முழுங்கினேன். நாற்பது வருஷம் கழித்து முழுங்கினேன். பயந்து இல்லை. நிஜமாகவே பசித்தது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோஷமாகத்தான் பார்த்தார்.

“நீ சாப்புடுவ, ஆண்டி” என்றார். “ஏழுமலை சாப்புட மாட்டாரு.”

நான்தான் ஏழுமலை என்று எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன்! கொண்டை ஊசி வளைவைச் சொன்னேன், மலைக் காய்ச்சலைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், வைப்பரைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். எல்லாம் சரி, ஆனால் சாப்பிடுகிறவன் எப்படி ஏழுமலையாக இருக்கமுடியும்? அவர் இரண்டு வருஷம் கண்ணால் பார்த்து எழுதி வைத்தது அது. விரலால் ஜன்னலைக் காட்டினார். கீழே கார்கள் நின்றன. அதில் ஒன்று என்னுடையது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெளியே இருக்கிற டிரைவரை வெர்னர் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட பிறகு டிரைவர் வர வேண்டும். பெயாட்டாவிடம் சொன்னேன், நான் கீழே போய் என் காரில் உட்காருகிறேன், நீ நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போடு, அவர் கூப்பிடுவார், நான் ஏறி வருகிறேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் செய்தாள். மிச்சக் களியில் காலையிலேயே உருட்டிக் கொண்டுவந்திருந்த இன்னொரு உருண்டையை டப்பா மூடியில் வைத்து, அது டிரைவருக்கு என்று அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

காரில் உட்கார்ந்தேன். பழைய வழக்கம், கை ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தது. மாடியில் வெர்னர் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டார். அறுபத்தெட்டு வயசில் என் நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி வாழ்க்கையில் எப்போதும் அடித்ததில்லை, இந்த நாட்டுப் பிரஜாவுரிமைப் பரீட்சை அன்றைக்குக்கூட.

அந்த ஜன்னல்கள் திறக்காதவை. நினைவு தப்பினவர்கள் விழுந்துவிடக்கூடாது என்று சீல் வைத்தவை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கதவைத் திறந்து வெளியே குதித்தேன். இரண்டாவது தடவை வாய் அசைந்தது. வந்துட்டேன் என்று கத்தினேன், நம் பாஷையில், அந்த ஊர் கார் நிறுத்தத்தில். ஒரு அம்மா நாயோடு நின்று பார்த்தாள். மூன்றாவது தடவை அவர் கூப்பிட்டபோது நான் வாசல் கதவில் இருந்தேன். அது உள்ளேயிருந்து ஒருவர் அமுக்கினால்தான் திறக்கும். வரவேற்பில் இருந்த பையன் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னான், வந்த நேரம், பார்க்க வந்த ஆள், என்ன உறவு. இப்போதுதானே போட்டேன் என்றேன். வெளியே போய்வந்தால் புதிதாகப் போடவேண்டும் என்றான். போட்டேன். லிஃப்ட் வரவில்லை, படியில் ஏறினேன்.

பெயாட்டா கதவுப் பக்கத்திலேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வெர்னர் ஜன்னலிலிருந்து திரும்பி, தன் தட்டை டிரைவர் உருண்டைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கோபம் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து, ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்:

“மூணு வாட்டி கூப்ட்டுட்டேன் ஆண்டி. அவருக்கு வயித்துல சரியில்லையாம்.”